‘ஒப்புக்கொடுத்துட்டேன்’ என்று சொல்லுமுன்: ஆண்கள் சறுக்கும் இடங்கள்

எங்கள் ஆண்கள் ஜெபக்குழுவில் போன மாதம் ஒரு தம்பி சாட்சி சொன்னார். வேலை போய் ஆறு வாரம் ஆகிறதாம். "எல்லாத்தையும் ஆண்டவர்கிட்ட ஒப்புக்கொடுத்துட்டேன், மனசுல அவ்வளவு சமாதானம்" என்றார். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது கேட்டேன்: "வீட்டுல சொல்லிட்டீங்களா?" அவர் தரையைப் பார்த்தார். தினமும் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு, வேலைக்குப் போவதுபோல் கிளம்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை. 15 வருடத்துக்கு முன் இதே வாக்கியத்தை, இதே குரலில் நானும் சொல்லியிருக்கிறேன்.

ஜெபிக்காமல் இருப்பது, வேதத்தைத் திறக்காமல் இருப்பது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் விசுவாசியாக இருப்பது எல்லாம் தவறென்று எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். ஜெபிக்கிற ஆண்கள் செய்யும் தவறுகள்தான் எனக்குக் கவலை. வெளியிலிருந்து பார்த்தால் அவை பக்தி மாதிரியே இருக்கும்.

கடிதத்தைப் பிரிக்காமல் கர்த்தருக்கு முன் வைப்பது

அலுவலக நண்பர் ஒருவரின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். மனைவியிடம் சொல்லவில்லை. அவர் தவணை கட்டுவதை நிறுத்தியதும் கடிதங்கள் என் பேருக்கு வர ஆரம்பித்தன. முதல் கடிதத்தைப் படித்ததும் வயிறு கலங்கியது. அதற்குப் பிறகு வந்தவற்றைப் பிரிக்கவே இல்லை. பைபிளின் உறைக்குள் செருகி, அதன்மேல் கைவைத்து ஜெபித்தேன்.

எசேக்கியா ராஜா செய்ததைத்தானே நானும் செய்கிறேன் என்று ஒரு பெருமை வேறு. கி.மு. 701இல் எருசலேமை மிரட்டி அசீரிய ராஜா சனகெரிப் அனுப்பிய நிருபத்தை எசேக்கியா ஆலயத்துக்குக் கொண்டுபோய், கர்த்தருக்கு முன்பாக விரித்தான். இது 2 இராஜாக்கள் 19இல் இருக்கிறது. கேட்டுக் கேட்டுப் பழகிய பகுதி என்பதாலோ என்னவோ, 14ஆம் வசனத்தில் உள்ள ஒரு சொல்லை நான் கவனிக்கவே இல்லை. நிருபத்தை வாங்கி ‘வாசித்தான்’. அப்புறம்தான் ஆலயத்துக்குப் போனான்.

அது மட்டுமா? அதற்கு முன்பே நகரத்துக்கு வெளியே இருந்த ஊற்றுகளை அடைத்து, இடிந்த மதிலைக் கட்டியிருந்தான். அவன் வெட்டியதாக அறியப்படும் நீர்ச்சுரங்கம், சுமார் 533 மீட்டர், எருசலேமுக்கு அடியில் இன்னும் இருக்கிறது. இரண்டு பக்கமிருந்தும் பாறையை வெட்டிக்கொண்டு வந்தவர்கள் நடுவில் சந்தித்ததைச் சொல்லும் சீலோவாம் கல்வெட்டு 1880இல் கிடைத்தது. பாறையை வெட்டிவிட்டு ஜெபித்த மனுஷன் அவன். நான் உறையைக்கூடக் கிழிக்கவில்லை.

அந்த நாட்களில் நன்றாகத் தூங்கினேன். அந்தத் தூக்கத்தையே சமாதானத்தின் அத்தாட்சியாகக் கூட்டத்தில் சாட்சியும் சொன்னேன். கீழ்ப்படியாமல் ஓடிக்கொண்டிருந்த யோனாவும்தான் புயலுக்கு நடுவே கப்பலின் கீழ்த்தட்டில் அயர்ந்து தூங்கினான். கெத்செமனே தோட்டத்தில் உண்மையாகவே ஒப்புக்கொடுத்த இயேசுவுக்கோ தூக்கம் இல்லை. தூங்கியது சீஷர்கள். பயத்தை மூடி வைத்தாலும் மனசு கொஞ்ச நாள் லேசாகத்தான் இருக்கும். அதற்கும் தேவ சமாதானத்துக்கும் சம்பந்தமே இல்லை. அடுத்தவனுக்காகப் பிணைப்பட்டவனுக்கு, அதாவது ஜாமீன் நின்றவனுக்கு, நீதிமொழிகள் 6 சொல்வது நேர் எதிரானது: போய் உன்னைத் தாழ்த்திக் கெஞ்சு, அதுவரை கண்ணுக்கு நித்திரை வரவிடாதே.

ஒரு நாள் ஏதோ வசனம் தேட மனைவி என் பைபிளை எடுத்தாள். மொத்தம் 11 கடிதங்கள். அவள் கத்தவில்லை. "ஆண்டவர்கிட்ட சொன்னீங்க, சரி. என்கிட்ட ஏன் சொல்லல?" என்று மட்டும் கேட்டாள்.

பதில் எனக்குத் தெரிந்தே இருந்தது. ஆண்டவரிடம் சொன்னால் எதிரே ஒரு முகம் வாடுவதைப் பார்க்க வேண்டியதில்லை. அதனால்தான் அவரிடம் மட்டும் சொன்னேன். நான் செய்தது ஒப்புக்கொடுத்தல் இல்லை, கைகழுவுதல். பிலாத்து தண்ணீர் வைத்துச் செய்ததை நான் ஜெபத்தை வைத்துச் செய்தேன்.

இன்றைக்கும் என்னை எரிச்சல்படுத்துவது இன்னொன்று. நேரில் வந்து பேசினால் தவணையைக் குறைத்துக்கொள்ளலாம் என்று மூன்றாவது கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள். நான் அதைப் பார்த்தபோது அந்தத் தேதி கடந்து பல மாதம் ஆகியிருந்தது. ‘கதவைத் திறந்தருளும்’ என்று ராத்திரிதோறும் எந்தக் கடிதத்தின்மேல் கைவைத்துக் கெஞ்சினேனோ, அதற்குள்ளேயேதான் கதவு இருந்தது.

ஒப்புக்கொள்ளாமல் ஒப்புக்கொடுப்பது

யாக்கோபு தேவனோடு போராடிய இரவை (ஆதியாகமம் 32) நாம் பெரும்பாலும் தொடைச்சந்து சுளுக்கியதற்காகவே பேசுகிறோம். என் கண்ணில் அங்கே கேட்கப்பட்ட கேள்விதான் பெரிது: "உன் பேர் என்ன?" கேட்டவருக்குத் தெரியாதா என்ன? பார்வை மங்கிய அப்பாவிடம் "நான் ஏசா" என்று சொல்லி ஆசீர்வாதத்தை வாங்கிக்கொண்டு ஓடியவன், 20 வருடம் லாபான் வீட்டில் இருந்துவிட்டு, அன்றைக்குத்தான் "யாக்கோபு" என்று வாய்திறந்தான். இஸ்ரவேல் என்ற புதுப்பேர் அதற்கு அப்புறம்.

அதுவரை அவன் எங்கே நின்றான் என்று பாருங்கள். வேலைக்காரர்களையும் மந்தைகளையும் முன்னால் அனுப்பிவிட்டுத் தான் பின்னால். விடிந்ததும் நொண்டிக்கொண்டே எல்லாருக்கும் முன்னால் நடந்து, தான் ஏமாற்றிய அண்ணனுக்கு முன் ஏழு தரம் தரைமட்டும் குனிந்தான். (அப்போதும் ராகேலையும் யோசேப்பையும் வரிசையின் கடைசியில் பத்திரமாக வைத்தான். ஒரு ராத்திரியில் எல்லாம் மாறிவிடாது.) ஒப்புக்கொடுத்தவனுக்குப் பலம் வரும் என்று சொல்லும்போது எனக்கு நினைவுக்கு வருவது அந்த நொண்டி நடைதான். இரண்டு கால் நன்றாக இருந்தபோது அவனால் முன்னால் நிற்க முடியவில்லை.

ஆசையைச் சொல்லாமலே ‘உமது சித்தம்’ என்பது

எடுத்த எடுப்பிலேயே "எனக்கொன்றும் வேண்டாம், உமது சித்தம் போதும்" என்று ஜெபிப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வரும். கெத்செமனேயில் இயேசு முதலில் இந்தப் பாத்திரம், அதாவது வரப்போகிற பாடு, நீங்கட்டும் என்றுதான் கேட்டார். மூன்று தரம் ஜெபித்தார். அதற்கும் முன்னால், தம் ஆத்துமா மரணத்துக்கேதுவாகத் துக்கப்படுகிறது என்று மூன்று சிநேகிதர்களிடம் வாய்விட்டுச் சொன்னார். அந்த மூன்று பேரிடம் சொன்னதை ஆண்கள் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறோம்.

ஆண்டவரோடு பேரம் பேசுவது

‘என்னைக் காப்பாற்றினால் நீரே என் தேவன்’ என்று பெத்தேலில் யாக்கோபும் பேசினான். அவன் கதைதான் மேலே இருக்கிறது.

வீட்டில் எபேசியர் 5:22இலிருந்து வாசிப்பது

22 மனைவியைக் கீழ்ப்படியச் சொல்கிறது. ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்லும் 21இலிருந்து வாசியுங்கள்.

கண்ணீர் வரவில்லையே என்று கவலைப்படுவது

சிலருக்கு வராது. விடுங்கள்.

முள் உடனே நீங்கும் என்று எதிர்பார்ப்பது

தம் மாம்சத்தில் ஒரு முள் இருப்பதாகச் சொன்ன பவுல், அது நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். வந்த பதில் "என் கிருபை உனக்குப் போதும்" என்பது. முள் எடுக்கப்பட்டது என்று 2 கொரிந்தியர் 12இல் எங்கும் இல்லை.

என் ஜாமீன் கடனும் மாயமாகிவிடவில்லை. மனைவியும் நானும் 11 கடிதங்களையும் தேதிவாரியாக மேசையில் அடுக்கி, ஒவ்வொன்றாக வாசித்து, கணக்குப் போட்டு, அப்புறம் ஜெபித்தோம். தவணை கட்டி முடிக்க நான்கு வருடம் ஆனது.

அந்தத் தம்பியிடமிருந்து போன வாரம் ஒரு செய்தி வந்தது. "வீட்டுல சொல்லிட்டேன் அண்ணே. ரெண்டு பேருக்கும் ராத்திரி முழுக்கத் தூக்கமே இல்லை."