விசிறியைப் புத்தகமாக்கும்போது எங்கே சறுக்குகிறது?

பழைய ஐரோப்பிய விசிறி, நடன அட்டை (எந்த ஆட்டத்துக்கு யார் துணை என்று குறிக்கும் அட்டை), கையுறை இவற்றைப் பார்த்துக் கலைப்புத்தகம் (வடிவமே கலைப்பொருளான புத்தகம்) செய்ய ஆசைப்படுகிறவர்கள் பலர் முதலில் ஓடுவது லேஸ் கடைக்கு. சறுக்கல் அங்கேயே ஆரம்பம். லேஸும் ரோஜாவும் ஒட்டினால் அலங்காரப் பொருள் கிடைக்கும், புத்தகம் கிடைக்காது. அந்தப் பொருளைக் கை எப்படிப் பிடித்தது, யாருக்கு முன்னால் திறந்தது என்பதுதான் படிக்கும் முறையாக மாற வேண்டும்.

விசிறிக்கு எழுத்து புதிதல்ல. 18ஆம் நூற்றாண்டு லண்டனில் நடன அடிகள், பாட்டு, சீட்டாட்ட விதிகள் எல்லாம் விசிறித் தாளில் அச்சாயின. 1788இல் கிங்ஸ் தியேட்டர் என்ற அரங்கில் எந்த பாக்ஸ் (தனி இருக்கை அறை) யாருடையது என்று காட்டும் விசிறிகூட வந்தது. வம்பு பேச இதைவிட வசதி உண்டா?

அடுத்த தவறு, ‘விசிறி மொழி’யை வரலாறு என்று நம்பிவிடுவது. வலக்கன்னத்தில் வைத்தால் ‘ஆம்’, இடக்கன்னத்தில் வைத்தால் ‘இல்லை’ என்ற பட்டியலைப் பரப்பியதில் டூவெல்லராய் என்ற விசிறி நிறுவனத்தின் துண்டுப்பிரசுரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அது விற்பனை உத்தி. காதலர்கள் உண்மையிலேயே அப்படிப் பேசிக்கொண்டதற்கு உறுதியான சான்று இல்லை. அந்தப் பட்டியலைப் பயன்படுத்துங்கள், ஆனால் விளம்பரமாகவே பயன்படுத்துங்கள். என்னைக் கேட்டால், அதுதான் இன்னும் சுவையான கதை.

சரி, கை வேலைக்கு வருவோம். பலரும் தாளைப் புடவைக் கொசுவம் மாதிரி இணையாக மடித்து, அடியைச் சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். உண்மையான விசிறியில் ஒவ்வொரு மடிப்புக் கோடும் ரிவெட் புள்ளியிலிருந்து, அதாவது குச்சிகளை அடியில் சேர்த்துப் பிடிக்கும் ஆணியிலிருந்து, கிளம்பும். காம்பஸால் இரண்டு வட்டவில் வரைந்து, நடுப்புள்ளியிலிருந்து கோடு இழுத்து, மழுங்கிய முனையால் கீறிய பிறகுதான் மடிக்க வேண்டும். தாளில் நார் ஓடும் திசையையும் பார்க்க வேண்டும். அரைவட்ட விசிறியில் நடு மடிப்புகள் நாரோடு போனால், ஓர மடிப்புகள் நாரைக் குறுக்கே வெட்டும். அங்கேதான் தாள் வெடிக்கும். 120 டிகிரிக்குள் நிறுத்துங்கள், அல்லது நீள நார் உள்ள ஜப்பானியக் கோஸோ தாள் வாங்குங்கள்.

தடிமன் இன்னொரு வினை. 16 குச்சி வைத்தால் மடிப்பு முகங்கள் சுமார் 32. கால் மில்லிமீட்டர் அட்டை என்றால் தாள் மட்டுமே சுமார் 8 மில்லிமீட்டர், விசிறி மூடாது. 80 ஜி.எஸ்.எம். (சாதாரண அச்சுத்தாள் எடை) தாளில் மூன்று மில்லிமீட்டர் சொச்சம்தான் வரும். பசையைத் தாளில் தடவாதீர்கள், குச்சியில் மெல்லிசாகத் தடவுங்கள். ரிவெட்டை இறுக்கிவிட்டால் ஒரு கையால் திறக்க வராது. அப்புறம் அது என்ன விசிறி?

வரிகளை மடிப்புக்குக் குறுக்கே ஓடவிட்டால் எழுத்து நொறுங்கும். அதற்குப் பதில், மடிப்பின் இடச்சரிவுகளில் ஒரு வாசகம், வலச்சரிவுகளில் இன்னொன்று எழுதிப் பாருங்கள். முழுதாக விரிக்காமல் ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் சபைக்கான மரியாதைப் பேச்சு, மறுபக்கத்திலிருந்து மனசில் இருப்பது. நடத்தை விதிகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவதைவிட இது மேல்.

பழங்கடையில் கிடைத்த அசல் விசிறியை வெட்டி ஒட்டுவது வேண்டவே வேண்டாம். தந்தமும் வேண்டாம், மூங்கில் போதும்.

நடன அட்டை செய்கிறவர்கள் அளவில்தான் கோட்டைவிடுகிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் அது மணிக்கட்டிலிருந்து தொங்கிய குட்டிப் பொருள். ஒரு பக்கம் வால்ட்ஸ், போல்கா என்று ஆட்டங்களின் வரிசை, எதிரே துணையின் பெயருக்கு வெற்றுக் கோடு, நூலில் ஒரு பென்சில். ஏ4 அளவில் செய்து சுவரில் மாட்டினால் அந்தப் பென்சிலுக்கு வேலையே இல்லை. கோடுகள் எல்லாவற்றையும் நீங்களே நிரப்பிவிட்டாலும் அதே கதிதான்.