ஒரு நாவலை எப்படி எடுத்து வைப்பது

கையில் இரண்டு வேலை இருந்து, இரண்டுமே நகராமல் நிற்கிறவர்களுக்காக எழுதுகிறேன். என்னிடம் இருந்த ஒன்று, 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்திலும் சீனன்குடாவிலும் குண்டு போட்ட நாளைச் சுற்றிய நாவல். மற்றது, பாலம் வருமுன் கிண்ணியாத் துறையில் பஸ்ஸையும் ஆட்களையும் ஏற்றி அக்கரை சேர்த்த ‘பாதை’ என்ற மிதவைப் படகைப் பற்றி வயதானவர்களிடம் கேட்டுப் பதிவு செய்வது. நாவலைத்தான் இப்போதைக்கு ஒதுக்கி எடுத்து வைத்தேன்.

எது அதிகம் பிடிக்கும் என்று கேட்டால் முடிவு வராது. பிடித்ததால்தானே இரண்டையும் தொடங்கினோம். ஐந்து வருஷம் தொடாமல் விட்டால் எது கெட்டுப்போகும் என்று கேளுங்கள். 1942ஐக் கண்டவர்கள் அநேகமாகப் போய்விட்டார்கள். அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய ஹேர்மீஸ் கப்பல் கடலடியில் கிடக்கிறது, சீனன்குடா எண்ணெய்க் குதங்கள் காட்டுக்குள் நிற்கின்றன. அவை காத்திருக்கும். 396 மீற்றர் கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறந்ததோடு பாதையின் காலம் முடிந்தது. அதில் வேலை செய்தவர்களுக்கு வயது போகிறது. அவர்கள் சொல்லாமல் விட்டதை வேறெங்கும் தேடி எடுக்க முடியாது.

சரி, முடிவெடுத்தாயிற்று. எங்கே நிறுத்துவது? சிக்கிக்கொண்ட இடத்தில் மட்டும் வேண்டாம். ஒரு காட்சியை முடித்து, அடுத்த காட்சியின் முதல் வரியையும் எழுதிவிட்டு நிறுத்துங்கள். பிறகு, முன்பின் தெரியாத ஒருவர் தொடரப்போகிறார் என்று நினைத்து ஒரு தாள் எழுதுங்கள். என் தாளில் இருப்பது இது:

“செல்லம்மா உவர்மலைச் சரிவில் பதுங்குகுழிக்குள் இருக்கிறாள். தம்பி உயிரோடு இருப்பது அவளுக்குத் தெரியாது, வாசகருக்குத் தெரியும். அடுத்து அவள் கடற்கரை ரோட்டில் நடக்கிறாள். சைரன் எத்தனை மணிக்கு ஊதியது என்று பார்க்க வேண்டும். அவள் அதிகம் பேசமாட்டாள், பேச வைக்காதே.”

கடைசி வரிதான் முக்கியம். தகவலைத் திரும்பவும் தேடிக்கொள்ளலாம். ஒரு பாத்திரத்தின் குரல் கைநழுவினால் பிடிப்பது லேசில்லை. அதனால் அவள் பேசும் நல்ல இடம் ஒன்றைத் தாளின் பின்பக்கத்தில் கையால் எழுதி வைத்தேன்.

நாவலின் நல்ல துண்டுகளைப் பிய்த்துப் புதிய வேலையில் போடச் சொல்பவர்கள் உண்டு. விதைநெல்லை அவிப்பது போன்ற வேலை அது. செய்யாதீர்கள்.

தாள்களைக் காற்றுப் புகாத பெட்டியில் வையுங்கள். நம்மூர் உப்புக்காற்றுக்கு கிளிப்பும் குண்டூசியும் துருப்பிடித்து எழுத்தையே தின்றுவிடும், அவற்றைக் கழற்றிவிட்டு நூலால் கட்டுங்கள். கணினியில் உள்ளதற்கு இரண்டு பிரதி போதும்.

இரவல் வாங்கியதைத் திருப்பிக் கொடுங்கள், நேரில் போய். பழைய படங்கள் தந்த ஆசிரியர், “என்ன பிள்ளை, கதையை விட்டிட்டீரோ?” என்று கேட்டார். “இல்லை ஐயா, இப்போதைக்கு எடுத்து வைக்கிறன். முதல்ல பாதையை முடிக்கவேணும்” என்றேன். வாய்விட்டுச் சொன்ன பிறகு மனம் அங்குமிங்கும் ஓடுவது குறைந்தது. அவரும், தான் கிண்ணியாவில் படிப்பித்த காலத்துக் கதையை அங்கேயே தொடங்கிவிட்டார்.

அப்புறமும் பழைய கதை இரவில் கூப்பிடும். தலைமாட்டில் ஒரு சின்னக் கொப்பி வைத்து, வந்ததை ஒரு வரியில் எழுதி மூடிவிடுங்கள். பெட்டியைத் திறக்க வேண்டாம். கவலையாக இருக்கும், இருக்கட்டும். வருஷக்கணக்காகக் கூட இருந்த ஆளல்லவா செல்லம்மா.

புதிய வேலையை அந்த வாரமே தொடங்குங்கள். பதிவு செய்யும்போது மின்விசிறியை நிறுத்தி, போனை மடித்த துணியின்மேல் வையுங்கள். “பாதை எப்படி இருந்தது?” என்று கேட்டால் “நல்லாத்தான் இருந்தது” என்று முடிந்துவிடும். “ராவில வயித்துவலி வந்த பிள்ளைத்தாச்சியை எப்படிக் காக்கா அக்கரைக்குக் கொண்டு போனீங்க?” என்று கேளுங்கள் (காக்கா என்றால் அங்கே அண்ணன்). அவர் பேசி முடித்ததும் பெயர், ஊர், திகதி மூன்றையும் அந்தப் பதிவிலேயே சொல்லிவிடுங்கள்.