வாழைத் தண்டுக் கூன்வண்டுக்குக் காசில்லாப் பொறி

குலை வெட்டியதும் வாழைத்தடையை, அதாவது வாழையின் தண்டை, வீசாதீர்கள். ஒன்றரை அடித் துண்டுகளாக நறுக்கி, நெடுக்காகப் பிளந்து, பிளந்த பக்கம் மண்ணில் படும்படி விளைக்குள் (வாழைத் தோட்டத்துக்குள்) ஆங்காங்கே கவிழ்த்து வையுங்கள். வெட்டிய தடையின் வாசனைக்குக் கூன்வண்டுகள் இரவில் வந்து அடியில் ஒளியும். காலையில் பொறுக்கி மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போட்டால் சரி. ஏத்தனும் (நேந்திரன் வாழை) செவ்வாழையும் வைத்திருப்பவர்கள் ஐந்தாம் மாதத்திலிருந்தே இதைச் செய்யுங்கள். இந்த வண்டுக்கு அவை இரண்டும் ரொம்பப் பிடிக்கும். துண்டு அழுகினால் உடனே மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் வண்டு அதிலேயே பெருகும்.

தடையில் ஓட்டை விழுந்து பசை வடிகிறதா? அப்படியென்றால் கூன்வண்டின் புழு உள்ளே குடைந்துவிட்டது, பொறி உதவாது. தாக்குதல் முற்றிய வாழையை மூட்டோடு (அடிக்கிழங்கோடு) தோண்டி அழித்துவிடுங்கள்.