ஒற்றை டேங்குக்குப் பேக்பிளேட்–விங்: செலவை மிச்சப்படுத்தப் போய்ச் செய்யும் தவறுகள்

ஸ்கூபா டைவிங்கில் காற்று டேங்கை முதுகில் சுமக்க, முதுகில் படியும் ஒரு தகடு (பேக்பிளேட்), அதில் கோத்த ஒரே நீள வார், தகட்டுக்கும் டேங்குக்கும் நடுவே மிதப்புக்கான ஒரு காற்றுப் பை (விங்), டேங்கை இறுக்கிப் பிடிக்கும் இரண்டு பட்டைகள். பேக்பிளேட்–விங் அமைப்பு இவ்வளவுதான். வழக்கமான ஜாக்கெட் பிசிடியில், அதாவது மிதப்பைக் கட்டுப்படுத்தும் சட்டை போன்ற கருவியில், எல்லாவற்றையும் ஒன்றாகத் தைத்திருப்பார்கள். அதில் ஒரு பகுதி கெட்டால் பெரும்பாலும் முழுதாக மாற்ற வேண்டியதுதான். இங்கே ஒவ்வொரு பாகத்தையும் தனியாக வாங்கலாம், தனியாக மாற்றலாம். குறைந்த செலவில் நல்ல அமைப்பு கிடைப்பது இதனால்தான். ஒன்றுக்கொன்று பொருந்தாத பாகங்களை வாங்கிவிட்டு, மறுபடியும் செலவழிக்க நேர்வதும் இதனால்தான்.

வட ஃபுளோரிடாவின் நீரடிக் குகைகளில் டைவ் செய்தவர்கள் வளர்த்தெடுத்த முறை இது. வாரைத் துண்டு துண்டாக இல்லாமல் ஒரே நீளமாகக் கோப்பதை இன்றும் ஹோகார்த்தியன் ஹார்னஸ் என்கிறார்கள். வில்லியம் ஹோகார்த் மெயின் என்ற குகை டைவரின் பெயரிலிருந்து வந்தது அது. குகைக்குள் போகிறவர்கள் முதுகில் இரட்டை டேங்க் சுமந்தார்கள். ஒற்றை டேங்கோடு பவளப் பாறை பார்க்கப் போகிற நாம் அவர்களுடைய எளிமையை எடுத்துக்கொள்ளலாம், அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கீழே சொல்லும் தவறுகளில் பாதி, இன்று கட்டுகிற டேங்கை விட்டுவிட்டு என்றோ ஒருநாள் கட்டப்போகும் டேங்கை நினைத்து வாங்குவதால் வருபவை.

பெரிய விங் பாதுகாப்பு என்ற நம்பிக்கை

அதிகம் பேர் விழும் பள்ளம் இது. "பின்னாளில் இரட்டை டேங்குக்கும் ஆகும், கூடுதல் மிதப்பு இருந்தால் நல்லதுதானே" என்று 50, 60 பவுண்டு தூக்கும் விங்கை வாங்கிவிடுகிறார்கள். அது இரட்டை டேங்கின் அகலத்துக்கு வெட்டப்பட்டது. ஒற்றை டேங்கில் மாட்டினால் இரண்டு பக்கமும் மேலே சுருண்டு டேங்கை மூடிக்கொள்ளும். சுருண்ட மடிப்புகளில் காற்று சிக்கும். வால்வைத் திறந்தாலும் அது முழுதாக வெளியேறாது. மேலேறும்போது அந்தக் காற்று விரிந்து உங்களை வேகமாக இழுத்துப் போகும். நீந்தும்போது தண்ணீரின் எதிர்ப்பும் கூடும். பாதுகாப்புக்கென்று வாங்கியது பாதுகாப்பைக் குறைத்துவிடுகிறது.

எவ்வளவு தேவை என்பதை ஒரு தாளில் கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிடலாம். பார்க்க வேண்டியவை இரண்டு.

முதல் கணக்கு, ஆழத்தில் நீங்கள் எவ்வளவு கனமாக இருப்பீர்கள் என்பது. அலுமினியம் 80 டேங்க் (பெயரளவில் 80 கன அடி காற்று கொள்வது) ஒன்றில் நிரப்பிய காற்று மட்டும் ஏறக்குறைய 2.7 கிலோ எடை. 200 பார் அழுத்தத்துக்கு நிரப்பிய 12 லிட்டர் டேங்கில் அது 2.9 கிலோ அளவுக்கு வரும். டைவ் முடிவில் இதில் பெரும்பகுதி இருக்காது. அந்த முடிவுநேரத்துக்குத் தகுந்தபடிதான் எடை கட்டுகிறோம், ஆகவே தொடக்கத்தில் அந்தக் காற்றின் எடை உபரியாக நிற்கும். இதோடு, உடம்பைக் குளிரிலிருந்து காக்கும் வெட்சூட் ஆழத்தில் இழக்கும் மிதப்பையும் சேருங்கள். 30 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப் போல நான்கு மடங்கு. சூட்டின் நியோப்ரீன் ரப்பருக்குள் இருக்கும் வாயுக் குமிழ்கள் நசுங்கி, சூட் தன் மிதப்பில் பெரும்பகுதியை இழக்கும். மேற்பரப்பில் 4 கிலோ மிதக்கும் சூட் அங்கே 3 கிலோவை இழக்கிறது என்று வைத்துக்கொண்டால், காற்றையும் சேர்த்து விங் ஈடுகட்ட வேண்டியது 6 கிலோவுக்குப் பக்கம். சொந்த சூட்டின் மிதப்பைத் தெரிந்துகொள்வது சுலபம். அதைச் சுருட்டி வலைப்பையில் போட்டு, தண்ணீரில் நன்றாக அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு, மூழ்கும் வரை ஈயக்கட்டிகளைச் சேர்த்துப் பாருங்கள்.

இரண்டாவது கணக்கு, நீங்கள் கழற்றிவிட்ட பிறகு கருவித் தொகுப்பு தானே மிதக்குமா என்பது. படகில் ஏறும் முன் தண்ணீரிலேயே கழற்றிக் கொடுக்கிறோமே, அப்போது அது மூழ்கிவிடக் கூடாது. தகடு, ரெகுலேட்டர் (டேங்கிலிருந்து மூச்சுக் காற்று தரும் கருவி), நிரம்பிய டேங்க், பட்டையில் மாட்டிய எடைகள் எல்லாம் தண்ணீருக்குள் எவ்வளவு எடை இருக்கும் என்று கூட்டுங்கள். வருகிற தொகை பெரிதாக இருந்தால், சில கட்டிகளை இடுப்பு பெல்ட்டுக்கு மாற்றினாலே குறைந்துவிடும். அதற்காகப் பெரிய விங் வாங்க வேண்டாம்.

இரண்டில் எது அதிகமோ அதற்கு மேல் கொஞ்சம் இடம் விட்டால் போதும். மெல்லிய சூட்டும் அலுமினிய டேங்கும் என்றால் பலருக்கு 20 பவுண்டு, அதாவது 9 கிலோ அளவிலேயே வேலை முடிந்துவிடும். 5 மில்லிமீட்டர் சூட்டுக்கு 25 முதல் 30 பவுண்டு தாராளம். குளிர்ந்த நீரில் தடித்த சூட் போடுபவர்கள் 35, 40 பக்கம் போகலாம். விளம்பரங்களில் சிலர் கிலோவிலும் சிலர் பவுண்டிலும் போடுகிறார்கள், எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வடிவத்தைப் பொறுத்தவரை, காற்று இரு பக்கமும் சுற்றி வரும் வட்ட வகைதான் ஒற்றை டேங்குக்கு என் தேர்வு. குதிரைலாட வடிவத்தில் ஒரு பக்கம் தங்கிய காற்றை மறுபக்கம் கொண்டுவர உடம்பைச் சாய்க்க வேண்டும்.

தகடு என்றால் ஸ்டீல்தான் என்று முடிவுகட்டுவது

3 மில்லிமீட்டர் ஸ்டீல் தகடு ஏறத்தாழ 2.5 முதல் 3 கிலோ வரை இருக்கும், அலுமினியம் ஒரு கிலோவை ஒட்டி. ஸ்டீல் வாங்கினால் அந்த அளவுக்கு ஈயம் குறையும் என்பது உண்மைதான். அலுமினியம் 80 டேங்க் காலியாகும்போது 2 கிலோ அளவுக்கு மிதக்கத் தொடங்கும். அதற்கு ஸ்டீல் தகடு நல்ல ஈடு.

ஆனால் ஸ்டீல் தகடு, ஸ்டீல் டேங்க், உடம்பில் மெல்லிய சூட் என்று மூன்றும் சேர்ந்தால் நிலைமை வேறு. ஈயமே கட்டாமல் நீங்கள் கனமாக இருப்பீர்கள், அவசரத்தில் கழற்றிவிடவும் எதுவும் இருக்காது. விங் கிழிந்துவிட்டால் காலை உதைத்தே மேலேற வேண்டும். விங்கை மட்டுமே நம்பியிருக்கிற அமைப்பை யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். இதே காரணத்துக்காக, 6 மில்லிமீட்டர் கனத்தில் மலிவாகக் கிடைக்கும் தகட்டைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அதன் எடை 5 கிலோவைத் தொடும், வேண்டாத நாளில் அதை இறக்கி வைக்கவும் முடியாது. அடிக்கடி விமானத்தில் போகிறவருக்கு அலுமினியமே சரி, குறைகிற எடையை ஈயத்தால் நிரப்பிக்கொள்ளலாம்.

விலை குறைந்த தகட்டை விரலால் தடவிப் பாருங்கள். துளைகளின் ஓரம் கூர்மையாக இருந்தால் வாரை மெல்ல மெல்ல அறுக்கும். நல்ல அரமும் ஒரு மணி நேரமும் இருந்தால் வீட்டிலேயே சரிசெய்துவிடலாம், அதனால் இதற்காக ஒரு தகட்டை ஒதுக்க வேண்டியதில்லை. துளைகளின் இடைவெளி தப்பாக இருந்தால்தான் ஒதுக்க வேண்டும். நடுவிலுள்ள போல்ட் துளைகள் 28 சென்டிமீட்டர் இடைவெளியில் இருப்பதே பொது வழக்கம். ஸ்டீலில் 316 வகை உப்புநீரைக் கூடுதலாகத் தாங்கும். 304-ம் ஒவ்வொரு டைவுக்குப் பிறகும் நல்ல தண்ணீரில் கழுவினால் நெடுநாள் உழைக்கும்.

விலையை மட்டும் பார்த்து, பொருந்துமா என்று பார்க்காமல் விடுவது

தகடு ஓரிடம், விங் ஓரிடம், பட்டை இன்னோரிடம் என்று வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: டேங்க் எதன் மேல் உட்காரும்? சில விங்குகளில் நடுவே இரண்டு கெட்டியான விலா போன்ற புடைப்புகள் இருக்கும். டேங்க் அவற்றுக்கு நடுவே ஆடாமல் நிற்கும். பட்டைகளை விங், தகடு இரண்டின் வெட்டுத் துளைகள் வழியாகவும் நேராகக் கோத்துவிடலாம். அந்தப் புடைப்பு இல்லாத விங்குக்கு அடாப்டர் என்ற தனி உலோகப் பாகம் தேவைப்படும். அதற்குத் தனிச் செலவு, தனி எடை, டேங்கும் முதுகிலிருந்து கொஞ்சம் தள்ளிப்போகும். மலிவு என்று வாங்கிய விங், அடாப்டரையும் சேர்த்துப் பார்த்தால் மலிவாக இருக்காது. அடாப்டர் இல்லாமல் கோக்கப் போகிறீர்கள் என்றால், விங்கின் வெட்டுத் துளையும் தகட்டின் வெட்டுத் துளையும் ஒரே உயரத்தில் வருகின்றனவா என்று படத்திலாவது ஒத்துப் பாருங்கள்.

பட்டை இரண்டு வேண்டும். ஒன்றே போதும் என்று மிச்சம் பிடிக்கும் இடம் இது கிடையாது. பிளாஸ்டிக் கொக்கியா, ஸ்டீல் கொக்கியா என்பதைவிட நாடா இழுபடாததாக இருப்பது முக்கியம். நைலான் நனைந்தால் நீளும். ஆகவே பட்டையை நனைத்த பிறகே இறுக்குங்கள். இல்லாவிட்டால் தண்ணீரில் குதித்த பிறகு டேங்க் நழுவும்.

வாரைச் சரிசெய்யப் பொறுமை இல்லாமல் போவது

50 மில்லிமீட்டர் அகல நாடா ஒன்று, கருவிகளை மாட்டும் டி வடிவ வளையங்கள் (டி-ரிங்குகள்), ஒரு இடுப்புக் கொக்கி, கால்களுக்கு நடுவே வரும் ஒரு வார். ஹார்னஸுக்கு இவை போதும். மெத்தை வைத்து, தோளில் கழற்றும் கொக்கிகள் வைத்து விற்பவை பல மடங்கு விலை. தோள் அசைவில் சிரமம் உள்ளவர்களுக்கு அந்தக் கொக்கி உண்மையிலேயே உதவும், அவர்கள் தயங்காமல் வாங்கட்டும். மற்றவர்களுக்கு வார் உறுத்துகிறது என்றால் பெரும்பாலும் அது மெத்தை இல்லாத குறையாக இருக்காது, நீளம் சரியில்லாத குறையாகத்தான் இருக்கும்.

தோள்வார் இறுக்கமாக இருக்கக் கூடாது. சூட் போட்ட நிலையில் உள்ளங்கை எளிதாக உள்ளே போக வேண்டும், கையை மடக்கி வாரிலிருந்து விடுவிக்கவும் வர வேண்டும். டீ-ஷர்ட்டோடு அளந்து, மிச்ச நாடாவை அன்றைக்கே வெட்டிவிடுவது பலரும் செய்வது. சில டைவ்கள் வரை மிச்சத்தை மடித்துச் செருகி வைத்திருங்கள். இனி மாற்றப் போவதில்லை என்று தெரிந்த பிறகு வெட்டி, முனையை நெருப்பில் லேசாகக் காட்டி உருக்கிவிட்டால் பிரியாது.

கால்வாரை வேண்டாமென்று கழற்றிவிடுகிறவர்களும் உண்டு. அது இல்லாவிட்டால் தகடு கழுத்துப் பக்கம் ஏறும், மேற்பரப்பில் மிதக்கும்போது விங் தோளைத் தூக்கும். தனி எடை பெல்ட் கட்டுகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பெல்ட் கால்வாருக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே மாட்டிக்கொண்டால் அவசரத்தில் கழற்றினாலும் கீழே விழாது.

மிச்சம் பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்காமல் விடுவது

தகடு, டி-ரிங், கொக்கி ஆகியவற்றைப் பழையதாகவே வாங்குங்கள். வளையாத, விரிசல் விடாத உலோகத்துக்கு வயது ஒரு பொருட்டே இல்லை. நாடாவைப் புதிதாக வாங்கிவிடலாம், அது பெரிய செலவில்லை.

பழைய விங் மட்டும் வேறு. வாயால் ஊதி, அழுத்த வால்வு தானாகத் திறக்கும் வரை நிரப்பி, இரவு முழுக்க விட்டுவைத்துப் பாருங்கள். காலையில் தளர்ந்திருந்தால் வேண்டாம். விங்கில் காற்றை நிரப்பும் இன்ஃப்ளேட்டர் பொத்தானை அழுத்தி விட்டதும் உடனே மீள வேண்டும். அது ஒட்டிக்கொண்டால் தண்ணீருக்கடியில் விங் தானாக நிரம்பிக்கொண்டே போகும். உள்ளே உப்பு படிந்திருக்கிறதா என்று குலுக்கிக் கேளுங்கள். உள்பையும் இன்ஃப்ளேட்டரும் அந்த மாடலுக்கு இன்னும் உதிரியாகக் கிடைக்கின்றனவா என்பதையும் வாங்கும் முன் விசாரித்துவிடுங்கள். கிடைக்காத விங்கை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன்.

எல்லாம் சேர்ந்ததும் முதல் வேலை எடைச் சோதனை. டேங்கில் 50 பார் மட்டும் இருக்கும்போது, விங்கில் காற்றே இல்லாமல், 3 முதல் 5 மீட்டரில் அசையாமல் நிற்க முடிகிறதா என்று பாருங்கள். மூழ்கினால் ஈயத்தைக் குறையுங்கள், மேலே போனால் கூட்டுங்கள். கால் மட்டும் தாழ்ந்தால் எடையைக் கூட்டாமல், இடுப்பிலுள்ள கட்டிகளில் ஒன்றிரண்டை டேங்கின் மேல் பட்டைக்கு மாற்றுங்கள்.