பெரிய பகா எண்ணா? 1729-இல் சோதித்துவிட்டுச் சொல்லுங்கள்

கும்பகோணம், தஞ்சாவூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு 1729-ஐ அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சாரங்கபாணி சன்னதித் தெருவில் ராமானுஜன் வாழ்ந்த வீட்டைப் பார்த்துவிட்டு வரும்போதே 1³ + 12³, 9³ + 10³ இரண்டும் மனப்பாடமாகிவிடும். பகா எண் சோதனையில் ஆளைக் கவிழ்ப்பதும் அதே எண்தான்.

அதிகம் நடக்கும் தவறு, ஃபெர்மா தேற்றத்தைத் தலைகீழாகப் படிப்பது. ஓர் ஒற்றைப்படை எண் பகா எண்ணாக இருந்தால், அதைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு 2-ஐ உயர்த்தி அந்த எண்ணால் வகுக்க மீதி 1 வரும். மீதி 1 வராவிட்டால் பகு எண் என்று துணிந்து சொல்லலாம். வந்துவிட்டால் எதுவும் உறுதியில்லை. 2-இன் 1728-ஆம் அடுக்கை 1729-ஆல் வகுத்தாலும் மீதி 1தான்; 2-க்குப் பதில் 3, 5, 11 என்று மாற்றினாலும் அதேதான். ஆனால் 1729 = 7 × 13 × 19. ஒவ்வொரு காரணியிலும் 1-ஐக் கழித்தால் வரும் 6, 12, 18 மூன்றும் 1728-ஐ மீதியின்றி வகுக்கின்றன, சூட்சுமம் அவ்வளவே. இப்படி மீதி 1 காட்டி ஏமாற்றும் பகு எண்களே கார்மைக்கேல் எண்கள். இவற்றுக்கு முடிவில்லை என்று 1994-இல் நிறுவிவிட்டார்கள், ஆகவே விதிவிலக்கு என்று ஒதுக்கவும் வழியில்லை.

இங்கே அந்த அடுக்கைப் படிப்படியாக வர்க்கப்படுத்தி, வழியில் வரும் மீதிகளையும் பார்க்கும் மில்லர்–ராபின் சோதனை கைகொடுக்கும். 1728 = 2⁶ × 27. முதலில் 2²⁷-ஐ 1729-ஆல் வகுங்கள்: மீதி 645. அதை வர்க்கப்படுத்தி வகுத்தால் 1065. மறுபடி வர்க்கப்படுத்தினால் 1. பகா எண்ணாக இருந்தால் இந்த 1-க்கு முந்தைய மீதி 1 அல்லது 1728 ஆகத்தான் இருக்க முடியும். 1065 வந்ததால் குட்டு வெளிப்பட்டது. போனஸாக, 1064-க்கும் 1729-க்கும் மீப்பெரு பொதுக் காரணி எடுத்தால் 133, அதாவது 7 × 19, கையில் கிடைக்கும்.

இதையும் 2-ஐ மட்டும் வைத்துச் செய்து நிறுத்தாதீர்கள். பகு எண்ணான 2047 அதில் தப்பிவிடும். 2⁶⁴-க்குள் இருக்கும் எண்ணுக்கு 2 முதல் 37 வரையுள்ள 12 பகா எண்களையும் வைத்துப் பார்த்தால் விடை ஐயமற்றது.

அந்த 2047 இன்னொரு தவறுக்கும் சாட்சி. அடுக்கு பகா எண் என்பதால் 2¹¹ − 1 பகா எண் ஆகிவிடாது. அது 23 × 89. 2024 அக்டோபரில் கண்டறிந்த 4,10,24,320 இலக்க எண்ணையும் (2-இன் 13,62,79,841-ஆம் அடுக்கில் 1 குறைவு) முதலில் 'பகா எண்ணாக இருக்கலாம்' என்றுதான் சொன்னார்கள். இவ்வகை எண்களுக்கே உரிய, உறுதியான விடை தரும் லூக்கா–லேமர் சோதனை முடிந்த பிறகே பட்டம்.

முதல் சில பகா எண்களைப் பெருக்கி 1 கூட்டினால் பகா எண்தான் வரும் என்பதும் அப்படியே தவறு: 2 × 3 × 5 × 7 × 11 × 13 + 1 = 30031 = 59 × 509.

கணக்கு சரியாக இருந்தும் கருவி கெடுப்பது உண்டு. 2⁶¹ − 1, அதாவது 2305843009213693951, பகா எண். எக்செல் கட்டத்தில் இதைத் தட்டினால் 15 இலக்கத்துக்குமேல் நிற்காது. கடைசி நான்கும் சுழியாகி, 10-ஆல் வகுபடும் எண்ணாகிவிடும். பைத்தான் முழு எண்ணை அப்படியே வைத்துக்கொள்ளும். ஆனால் அதிலும் அடுக்கை முழுதாகக் கணக்கிட்டுப் பிறகு மீதி எடுக்கப் போனால் நினைவகம் தாங்காது. ஒவ்வொரு பெருக்கலுக்கும் பிறகு உடனே மீதி எடுங்கள்.