தமிழில் பச்சை குத்தும் முன்

பாட்டியின் பெயரையோ பிறந்த தோட்டத்தின் பெயரையோ பச்சை குத்தப் போகிறீர்கள் என்றால், அதைப் புலனத்தில் (வாட்ஸ்அப்) தட்டச்சு செய்து அனுப்பாதீர்கள். தாளில் தெளிவாக எழுதிப் படமாகக் கொடுங்கள். பாட்டி எழுதிய பழைய கடிதம் கிடைத்தால், அந்தக் கையெழுத்தைவிடச் சிறந்த வடிவம் வேறில்லை.

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஊர்களில் பச்சை குத்துபவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். தமிழைச் சரியாகக் கையாளாத வரைகலைச் செயலியில் எழுத்தை ஒட்டினால் கொம்பு இடம் மாறும், ‘கொ’ உடைந்து நிற்கும். பிழை அவர் கண்ணில் படாது. தோலில் அச்சு ஒட்டியதும், ஊசி படும் முன் நீங்களே எழுத்துக்கூட்டிப் படியுங்கள்.

ஆண்டுகள் போகப் போக மை தோலுக்குள் பரவும். ஆகவே ண, ஞ போன்ற சுழி எழுத்துகளை மிகச் சிறியதாகக் குத்தினால், எழுதிக் கொடுத்துப் படித்துப் பார்க்கும் இந்த வழியும் காப்பாற்றாது. வேல், ரப்பர் இலை போன்ற வெறும் உருவங்களுக்கு இந்த எழுத்துச் சரிபார்ப்பு தேவையில்லை.