புள்ளிப் பட்டியலை வாசிப்பது எப்படி? கணித ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தவணைப் பரீட்சை முடிந்ததும் எல்லாப் பாடசாலைகளிலும் ஒரே வேலைதான் நடக்கும். விடைத்தாள் திருத்துவது, புள்ளி கூட்டுவது, A எத்தனை, B எத்தனை, சித்தியடையாத W எத்தனை என்று எண்ணிப் படிவத்தை நிரப்புவது, வலயக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்புவது. இலங்கையின் கிழக்கு மாகாணத்தில் கல்குடா, பட்டிருப்பு, சம்மாந்துறை, திருக்கோவில் என்று எந்த வலயத்தை எடுத்தாலும் இதுதான் வழக்கம். படிவம் போய்ச் சேர்ந்ததும் விடைத்தாள்களைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுகிறோம், அல்லது கட்டி அலுமாரிக்குள் வைத்துவிடுகிறோம். கற்பித்தலுக்கு மிகவும் தேவையான தகவல் அந்தக் கட்டுக்குள்தான் இருக்கிறது.

இதை 6ஆம் தரம் முதல் 11ஆம் தரம் வரை கணிதம் கற்பிக்கும் ஆசிரியர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கணிதம் போய்ச் சேர வேண்டும் என்றால், புள்ளியை முதலில் நமது பாடத்தைப் பற்றிய செய்தியாக வாசிக்க வேண்டும். பிள்ளையைப் பற்றிய தீர்ப்பாக அதை வாசிக்கத் தொடங்கும் இடத்திலிருந்துதான் மற்ற எல்லாத் தவறுகளும் கிளைக்கின்றன.

மொத்தப் புள்ளியோடு நின்றுவிடுவது

எட்டுப் பிள்ளைகள் உள்ள இரண்டு வகுப்புகளை எடுத்துக்கொள்வோம். முதல் வகுப்பின் புள்ளிகள் 82, 78, 75, 71, 18, 16, 12, 8. இரண்டாவது வகுப்பின் புள்ளிகள் 52, 50, 48, 46, 44, 42, 40, 38. இரண்டுக்கும் இடை (சராசரி) 45. படிவத்தில் இரண்டும் ஒரே வகுப்புப் போலத் தெரியும். ஆனால் முதல் வகுப்பில் பாதிப் பேர் பாடத்துக்கு வெளியே நிற்கிறார்கள். அங்கே இடையைப் பார்த்து “பரவாயில்லை” என்று அடுத்த அலகுக்குப் போகும் ஆசிரியர், அந்த நான்கு பேரையும் இன்னும் தூரத்துக்குத் தள்ளிவிடுகிறார்.

தனிப்பிள்ளையின் மொத்தப் புள்ளியும் இப்படித்தான் மறைக்கும். −3 − 5 என்ற கணக்கில் மூன்று பிள்ளைகள் பூச்சியம் வாங்கியிருக்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் 8 என்று எழுதியிருக்கிறார். “கழித்தலும் கழித்தலும் சேர்ந்தால் கூட்டல்” என்று பெருக்கலுக்குரிய விதியை இங்கே கொண்டுவந்துவிட்டார். இன்னொருவரின் விடை −2. ஐந்திலிருந்து மூன்றைக் கழித்துவிட்டு முன்னால் கண்ட குறியை ஒட்டியிருக்கிறார். மூன்றாமவர் ஒன்றுமே எழுதவில்லை. புள்ளி இடாப்பில் மூவரும் ஒன்று. முதலாமவருக்கு விதியைப் பற்றிய தெளிவு வேண்டும். இரண்டாமவருக்கு எண்கோட்டில் நடந்து பார்க்கும் பயிற்சி வேண்டும். மூன்றாமவரோடு முதலில் கதைத்துப் பார்க்க வேண்டும். மூவருக்கும் சேர்த்து “திசைகொண்ட எண்களை வீட்டில் படித்துக்கொண்டு வாருங்கள்” என்றால் யாருக்கும் பயன் இல்லை.

சரியான விடையையும் அப்படியே நம்பக்கூடாது. 0.65, 0.4 இரண்டில் எது பெரியது என்று கேட்டால் வகுப்பில் அநேகமானோர் சரியாகச் சொல்வார்கள். “65 பெரியது, 4 சிறியது” என்று முழு எண்ணாக நினைக்கும் பிள்ளைக்கும் முழுப் புள்ளி கிடைத்துவிடும். 0.75, 0.8 என்று கேட்டுப் பாருங்கள், அதே பிள்ளை 0.75 என்று எழுதும். இலக்கங்கள் கூடினால் எண்ணும் பெரியது என்ற இந்த நினைப்பு பல நாடுகளின் வகுப்பறைகளிலும் கண்டறியப்பட்ட ஒன்று. ஆகவே வினாத்தாள் தயாரிக்கும்போதே, பிழையான சிந்தனையால் சரியான விடைக்கு வரமுடியாத எண்களைத் தெரிந்தெடுக்க வேண்டும். எண்களைத் தேர்வதில் காட்டும் இந்தக் கவனத்துக்கு ஈடாக எந்தப் பகுப்பாய்வும் வராது.

செய்யவேண்டியது ஒரு எளிய அட்டவணை. இடப்பக்கம் பிள்ளைகளின் பெயர், மேலே வினா இலக்கம். பெட்டிக்குள் சரி, பிழை, வெறுமை என்று மூன்று குறிகள். வெறுமையைப் பிழையோடு சேர்க்காதீர்கள், அது தனிச் செய்தி. 11ஆம் தர முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சையின் முதலாம் கணித வினாத்தாளின் A பகுதியில் 25 சிறு வினாக்கள் இருக்கின்றன. அதற்கு மட்டும் இந்த அட்டவணையைப் போட்டாலும் போதும். மேலிருந்து கீழே வாசித்தால் எந்தப் பாடம் போய்ச் சேரவில்லை என்று தெரியும். ஒரு வினாவில் வகுப்பின் பெரும்பகுதி பிழை என்றால் அது பிள்ளைகளின் பலவீனம் அல்ல, நாம் மீண்டும் எடுக்க வேண்டிய பாடம். இடமிருந்து வலமாக வாசித்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் எது பிடிபட்டிருக்கிறது என்றும் தெரியும். மொத்தம் 22 எடுத்த பிள்ளை கேத்திரகணித வினாக்களில் மட்டும் ஒன்றையும் விடாமல் செய்திருப்பதை இந்த அட்டவணையில்தான் காணலாம்.

கற்பிக்காததைப் பிள்ளையின் குறையாக எழுதுவது

நமது பகுதியில் மிகவும் பாரதூரமான தவறு இதுதான் என்பது என் எண்ணம். வலயமோ மாகாணமோ தயாரிக்கும் பொது வினாத்தாள் எல்லாப் பாடசாலைகளுக்கும் ஒன்று. பாடவேளைகள் எல்லோருக்கும் ஒன்றல்ல. கணித ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போய், பதில் ஆசிரியர் வர மாதக்கணக்காகும் பாடசாலைகள் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் இருக்கின்றன. மாரியில் கிரான் புலிபாய்ந்தகல் வீதியை வெள்ளம் மூடினால் அக்கரைப் பிள்ளைகளின் போக்குவரத்தே படகை நம்பித்தான். குறுமண்வெளியிலிருந்து மண்டூருக்கு இயந்திரப் பாதையில் (ஆட்களை ஏற்றும் மிதவையில்) வாவியைக் கடந்து வரும் ஆசிரியர்களுக்குக் காற்று மழை நாளில் முதற் பாடவேளை கைவிட்டுப் போகும். பல பாடசாலைகளில் அந்த முதற் பாடவேளைதான் கணிதம்.

பிள்ளைகளின் பக்கமும் பார்க்க வேண்டும். வெள்ளாமை வெட்டுக் காலத்தில் தாய் தகப்பன் வயல் வாடிக்குப் போனால் மூத்த பிள்ளை தம்பி தங்கையைப் பார்க்க வீட்டில் நிற்கும். தாய் வெளிநாட்டில், அம்மம்மாவோடு வளரும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. இவர்கள் தவறவிட்ட இரண்டு வாரத்தில் பின்னங்களின் கூட்டல் நடந்து முடிந்திருக்கும். பிறகு பரீட்சையில் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதினால் “கணக்கு ஓடாது” என்று முடிவு கட்டுகிறோம்.

இதற்கு மருந்து கடினமானதல்ல. வினாவாரி அட்டவணைக்குப் பக்கத்தில் வரவு இடாப்பையும் பாடக்குறிப்பையும் திறந்து வையுங்கள். பிழைவிட்ட பிள்ளை அந்தப் பாடம் நடந்த நாட்களில் வகுப்பில் இருந்ததா? அந்தப் பாடம் நடந்ததா? இரண்டு கேள்விக்கும் விடை கண்ட பிறகுதான் பிள்ளையைப் பற்றி எதையும் எழுதலாம். நடக்காத பாடத்துக்குரிய வினாக்களைத் தனியாகக் குறித்து, அவற்றை நீக்கியும் ஒரு தடவை புள்ளியைக் கணித்துப் பாருங்கள். அதிபரிடமும் வலயத்திடமும் ஆசிரியர் வெற்றிடம் பற்றிப் பேசும்போது அந்தத் தாளை மேசையில் வைக்கலாம்.

ரியூசனையும் இங்கே கணக்கில் எடுக்க வேண்டும். மட்டக்களப்பு நகரிலும் கல்முனையிலும் வகுப்பில் கை தூக்கும் பிள்ளைகள் பலர் அந்தப் பாடத்தை முதலே ரியூசனில் படித்தவர்கள். அவர்கள் விடை சொல்லும் வேகத்தில் நாம் நகர்ந்தால், பாடசாலையை மட்டும் நம்பி வரும் பிள்ளைக்கு முதல் விளக்கமே கிடைக்காது. ரியூசன் போகாத பிள்ளைகளின் விடைத்தாள்களை மட்டும் ஒரு பக்கமாக எடுத்து வைத்து வாசித்துப் பாருங்கள். நமது கற்பித்தல் என்ன செய்தது என்பதை நேர்மையாகச் சொல்லக்கூடியவை அந்தத் தாள்கள்தான்.

35ஐச் சுற்றி மட்டும் உழைப்பது

சாதாரண தரத்தில் S (சாதாரண சித்தி) பெற 35 புள்ளி வேண்டும். ஆகவே 11ஆம் தரத்தில் 25க்கும் 34க்கும் இடையில் நிற்பவர்களைப் பிரித்தெடுத்து, தொடை (கணங்கள்), வரைபு, இடை காணல் என்று உறுதியாகப் புள்ளி தரும் வினாக்களில் பயிற்சி கொடுக்கிறோம். அவர்கள் சித்தியடைந்தால் பாடசாலையின் சதவீதம் உயரும். பத்துப் பன்னிரண்டு புள்ளிக்காரர்கள் கரும்பலகையில் இருப்பதைக் கொப்பியில் எழுதிக்கொண்டு பின்வரிசையில் இருப்பார்கள். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு பாடசாலையை ஆராய்ந்த ஜெனிஃபர் பூஹர்-ஜெனிங்ஸ் என்ற ஆய்வாளர் 2005இல் இதே போக்கை விவரித்தார். அங்கேயும் சித்தியின் விளிம்பில் நின்ற பிள்ளைகளுக்கே நேரமும் கவனமும் போயின, அதற்குக் கீழே நின்றவர்கள் கைவிடப்பட்டார்கள்.

11ஆம் தரத்து ஆசிரியரை மட்டும் இதற்காகக் குறைசொல்வது நியாயமில்லை. கணிதச் சித்தி இல்லாவிட்டால் ஒரு பிள்ளையின் உயர்தரப் பாதை எவ்வளவு குறுகும் என்று அவருக்குத் தெரியும், நேரமும் இல்லை. பிழை, 11இல் 12 புள்ளி எடுக்கும் பிள்ளை 6ஆம் 7ஆம் தரத்திலேயே நம் கண்ணில் பட்டும் அந்த விடைத்தாளை வைத்து நாம் எதுவும் செய்யாமல் விட்டதில் இருக்கிறது. பரிகாரக் கற்பித்தலுக்கு ஒரு பாடசாலையிடம் இருக்கும் மேலதிக நேரம் குறைவு என்றால், அதில் பெரும்பங்கை 6, 7ஆம் தரங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பேன். அனுபவமுள்ள கணித ஆசிரியர் 11A வகுப்புக்கு மட்டும் என்ற நேரசூசியையும் மாற்ற வேண்டும்.

வசனக் கணக்குப் பிழைகளை எல்லாம் கணிதப் பிழை என்று எண்ணுவது

அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆன் நியூமன் 1977இல் வெளியிட்ட ஒரு முறை இங்கே மிகவும் கைகொடுக்கும். வசனக் கணக்கில் பிழைவிட்ட பிள்ளையைப் பக்கத்தில் அழைத்து ஐந்து விடயங்களைக் கேட்க வேண்டும். இதை வாசித்துக் காட்டு. என்ன கேட்டிருக்கிறார்கள் என்று உன் சொல்லில் சொல்லு. என்ன செய்தால் விடை வரும்? செய்து காட்டு. இப்போது விடையை எழுது. பிள்ளை எந்தப் படியில் தடுக்குகிறதோ அங்கேதான் நமது வேலை.

ஏக்கருக்கு இத்தனை மூடை நெல், அதில் குத்தகைக்கு நூற்றுக்கு இத்தனை, மிச்சத்தை விற்றால் எவ்வளவு என்று வாயால் கேட்டால் வெல்லாவெளியில் ஒரு விவசாயியின் பிள்ளை மனதாலேயே சொல்லிவிடும். சுங்கத் தீர்வை பற்றிய வினாவில் அதே பிள்ளை பேனையை வைத்துவிடும். இரண்டிலும் தேவைப்படுவது சதவீதமும் எளிய கூட்டல் கழித்தல் பெருக்கலும்தான். இறக்குமதி, தீர்வை என்பவை எப்படி நடக்கின்றன என்று யாரும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். அதற்குப் பத்து நிமிட விளக்கம் போதும், சதவீதத்தை ஆரம்பத்திலிருந்து படிப்பிக்கத் தேவையில்லை. வகுப்பில் முப்பது பேரையும் இப்படி விசாரிக்க முடியாது. வாரத்துக்கு இரண்டு மூன்று பேர் என்றால் முடியும். வழக்கமாக யாரிடமும் கேள்வி கேட்கப்படாமல் இருந்துவிட்டுப் போகும் பிள்ளைகளிலிருந்து தொடங்குங்கள்.

சிறு வகுப்பின் சதவீதமும் சத்தமாக வாசிக்கும் புள்ளியும்

14 பேர் தோற்றும் பாடசாலையில் ஒரு வருடம் 8 பேர் சித்தி, அடுத்த வருடம் 10 பேர் சித்தி என்றால் சதவீதம் 57இலிருந்து 71ஆகிவிடும். மாறியது இரண்டு பிள்ளைகள். அதை வைத்து ஓர் ஆசிரியரைப் பாராட்டுவதும் பிழை, மறுவருடம் கீழே வந்தால் விளக்கம் கேட்பதும் பிழை. சிறிய பாடசாலைகளுக்குச் சதவீதத்தை விட்டுவிட்டுப் பிள்ளைகளின் எண்ணிக்கையையே எழுதலாம்.

புள்ளியைச் சத்தமாக வாசித்து “எத்தனையாம் பிள்ளை” என்று நிரைப்படுத்தும் பழக்கம் ஒழிய வேண்டும். இஸ்ரேலில் ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், எழுத்துக் குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகள் முன்னேறினார்கள். புள்ளியையும் குறிப்பையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அந்தக் குறிப்பால் பயன் கிடைக்கவில்லை. தவணைப் பரீட்சைக்குப் புள்ளி போடாமல் இருக்க நம்மால் முடியாது. ஆனால் அன்றாடப் பயிற்சிக் கொப்பியில் 4/10 என்று எழுதுவதை விட்டுவிட்டு, “பொதுப் பகுதியெண் சரியாக எடுத்திருக்கிறாய், மேல் எண்களை அதற்கேற்ப மாற்றிப் பார்” என்று எழுத முடியும்.

நிரந்தரக் குழுக்கள், அதே பாடம் மறுபடியும்

ஒரு பரீட்சையின் மொத்தப் புள்ளியை வைத்து மீத்திறன், மெல்லக் கற்போர் என்று பிரித்து வருடம் முழுக்க அப்படியே இருத்துவது பொருந்தாது. பின்னத்தில் தடுமாறும் பிள்ளை முக்கோணியில் முன்னுக்கு நிற்கலாம். குழு அமைப்பதாக இருந்தால் ஒரு பாடத்துக்கு, ஒரு வகைப் பிழைக்கு, ஒன்றிரண்டு வாரத்துக்கு மட்டும் அமையுங்கள். பெயரும் வைக்காதீர்கள், பெயர் ஒட்டிக்கொள்ளும்.

மீளக் கற்பிக்கும்போது முன்னர் சொன்னதையே இன்னும் உரத்து, இன்னும் மெதுவாகச் சொல்வது பரிகாரக் கற்பித்தல் ஆகாது. 2/5 என்று எழுதிய பிள்ளைக்குப் பொதுமடங்கு விதியை மீண்டும் ஒப்புவிக்க வேண்டாம். ஒரே அளவான மூன்று கடதாசிப் பட்டிகளை எடுத்து ஒன்றில் அரைவாசியையும் இன்னொன்றில் மூன்றில் ஒன்றையும் மற்றதில் ஐந்தில் இரண்டையும் நிறந்தீட்டச் சொல்லுங்கள். 2/5 அரைவாசியை விடக் குறைவு என்பதைப் பிள்ளை தன் கண்ணாலே காணும். அரைவாசியோடு இன்னொன்றைக் கூட்டினால் அது குறையுமா என்று கேளுங்கள். அந்தக் கேள்வி வகுப்பு முழுவதற்கும் நல்லது, சரியாகச் செய்தவர்களுக்கும்தான்.

பாடம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது துண்டுக் கடதாசியில் ஒரே ஒரு கணக்கைக் கொடுத்து வாங்குங்கள். புள்ளி வேண்டாம். விளங்கியது, அரைகுறை, விளங்கவில்லை என்று மூன்று அடுக்காகப் பிரித்தால் மறுநாள் எங்கே தொடங்குவது என்று தெரிந்துவிடும். இரண்டு மூன்று வாரம் கழித்து வேறு எண்களோடு அதே கருத்தை மீண்டும் ஒரு தடவை கேளுங்கள். முதல் அட்டவணையில் பிழையும் வெறுமையும் இருந்த பெட்டிகளோடு புதிய விடைகளை ஒப்பிடுங்கள். ஏற்கனவே செய்யத் தெரிந்தவர்கள் மட்டும் இன்னும் வேகமாகச் செய்கிறார்கள், பின்வரிசைப் பெட்டிகள் அப்படியே இருக்கின்றன என்றால், அந்த மீளக் கற்பித்தலும் முன்வரிசைக்குத்தான் நடந்திருக்கிறது. அடுத்த தடவை பின்வரிசையில் போய் நின்று தொடங்குங்கள்.